இளைஞர்கள் தூர்வாரிய கண்மாய் ஏன் நிரம்பவில்லை?

கண்மாய்க்குள் பொக்லைன் இறங்கிய அன்னிக்கு எங்க ஊரே கரையில் நின்று பார்த்தது. வெளியூரில் வேலை பார்க்கும் பையன்கள் பதினைந்து பேர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். வாட்ஸ்அப்பில் கேட்டுக் கேட்டு மூணு லட்சம் ரூபாய் சேர்த்திருந்தார்கள். எட்டு நாள் வேலை நடந்தது. சீமைக் கருவேல மரங்களை வேரோடு பிடுங்கினார்கள். நடுக் கண்மாயில் பெரிய பள்ளம் தோண்டினார்கள். கரையில் ஐம்பது பனங்கொட்டை ஊன்றினார்கள். கடைசி நாள் எல்லாருக்கும் சாப்பாடு. "அடுத்த கார்த்திகையில மறுகால் போகும் பாருங்க மாமா" என்று என்னிடம் சொன்னவன் என் தங்கை மகன்.

ஐப்பசி மழை நல்லாத்தான் பெய்தது. பக்கத்து ஊர்க் கண்மாய் கலுங்கு தாண்டிப் போனது. எங்க கண்மாயில் பையன்கள் தோண்டிய பள்ளத்தில் மட்டும் இடுப்பளவு தண்ணீர். மடைக்கு ஒரு சொட்டு ஏறவில்லை. ஆயக்கட்டில் நெல் விதைத்திருந்தவர்கள் மார்கழியில் ஆயில் எஞ்சின் வைத்து அந்தப் பள்ளத்திலிருந்து இறைத்தார்கள். அதுவும் முன்வயலுக்கு மட்டும்தான் வந்தது. கடைமடை வயல் காய்ந்தது.

பையன்களுக்கு மனசு விட்டுப் போச்சு. "நாங்க எங்க தப்புப் பண்ணினோம்?" என்று கேட்டார்கள். நேர்மையான கேள்வி. அதற்குப் பதில் தேடி நாங்கள் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். இன்று ஊருக்கு ஊர் இளைஞர்கள் நீர்நிலைகளில் இறங்குகிறார்கள். 2015 சென்னை வெள்ளம், 2017 சல்லிக்கட்டுப் போராட்டம், 2018 கஜா புயல் என்று ஒவ்வொன்றும் ஒரு கூட்டம் பிள்ளைகளைப் பொதுவேலைக்கு இழுத்து வந்திருக்கிறது. அந்த உழைப்பு வீணாகக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஒரு சின்னக் கணக்கு

முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்கு தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

நாற்பது ஏக்கர் நீர்ப்பரப்பு உள்ள ஒரு கண்மாய் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக நாலடி ஆழம். ஓர் ஏக்கரில் ஓரடி தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 12 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர். அப்படியானால் அந்தக் கண்மாய் முழுசாக நிரம்ப வேண்டிய தண்ணீர் ஏறத்தாழ 20 கோடி லிட்டர்.

வானத்திலிருந்து நேராகக் கண்மாய்க்குள் விழும் மழை எவ்வளவு? ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,047 லிட்டர். ஐம்பது மில்லிமீட்டர் மழை, அதாவது நல்ல மழை, நாற்பது ஏக்கரில் பெய்தால் 81 லட்சம் லிட்டர் கிடைக்கும். கண்மாய்க் கொள்ளளவில் அது நூற்றுக்கு நாலு பங்குதான். நேரே விழும் மழையால் மட்டும் நாலடி நிரம்ப வேண்டுமானால் 1,200 மில்லிமீட்டருக்கு மேல் பெய்ய வேண்டும். நம் மாநிலத்தில் ஆண்டு முழுக்கப் பெய்வதே சராசரியாக 900 மில்லிமீட்டர் சொச்சம்தான். அதிலும் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் வருகிறது.

மிச்சத் தண்ணீர் எங்கிருந்து வரும்? மேட்டு நிலத்தில் விழுந்து, ஓடையில் சேர்ந்து, வரத்துக் கால்வாய் வழியாக நடந்துதான் வரவேண்டும். அதே கண்மாய்க்கு நானூறு ஏக்கர் மேட்டு நிலம் தண்ணீர் கொடுக்கிறது என்று வைப்போம். அதே ஐம்பது மில்லிமீட்டர் மழையில் கால் பங்கு வழிந்தோடி வந்தால்கூட இரண்டு கோடி லிட்டர். அப்படிப் பத்து மழை வந்தால் கண்மாய் நிரம்பிவிடும்.

இப்போது மண் எடுக்கும் கணக்கு. நாற்பது ஏக்கர் முழுவதும் ஓரடி மண் எடுக்க வேண்டும் என்றால் 49,000 கனமீட்டர். ஒரு டிராக்டர் டிப்பருக்கு மூன்று கனமீட்டர் என்று வைத்தால் 16,000 நடைக்கு மேல். மூணு லட்சம் ரூபாயை வைத்துக்கொண்டு இதில் ஒரு மூலையைக்கூடத் தாண்ட முடியாது. ஆனால் அடைபட்டுக் கிடக்கும் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் வரத்துக் கால்வாயை அதே பணத்தில், மண்வெட்டியும் நாலு நாள் இயந்திரமும் வைத்துத் திறந்துவிடலாம்.

கண்மாயை ஆழமாக்கினால் கொள்ளும் அளவுதான் கூடும். வரும் தண்ணீர் கூடாது. இதுதான் எங்க பையன்களுக்கும், கரையில் நின்று கைதட்டிய எங்களுக்கும் புரியாமல் போனது.

தண்ணீர் வந்த வழியில் நடந்தோம்

எங்க ஊரில் கிழக்குத் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது எண்பதைத் தொடும். அந்தக் காலத்தில் ஊருக்கு நீர்பாய்ச்சியாக இருந்தவர். எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை, மழைக்கு முன்னால் கால்வாயில் எந்த இடத்தில் வெட்டிவிடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அறுவடையில் அவருக்குப் பங்கு நெல் உண்டு. ஆழ்துளைக் கிணறுகள் வந்த பிறகு அந்த வேலையும் போச்சு, பங்கும் போச்சு.

பையன்கள் அவரைத் தேடிப் போனார்கள். அவர் சொன்னது இவ்வளவுதான்: "கண்மாய் வாயை நல்லாத் தொறந்து வச்சுட்டீங்க அப்பு. தொண்டையில முள்ளு நிக்குதே, அதை யாரு எடுக்கறது?"

"இதை அப்பவே சொல்லியிருக்கலாமே தாத்தா?"

"என்னை யாரும் கேக்கலையே."

உண்மைதான். முதல் வருசம் வேலை செய்த பதினைந்து பேரும் எங்க தெருப் பையன்கள். கிழக்குத் தெருவில் ஒருவரையும் அழைக்கவில்லை. பணம் கேட்டுக்கூடப் போகவில்லை. இத்தனைக்கும் கடைமடை வயல்களில் பாதி அந்தத் தெருக்காரர்களுடையது. கண்மாய் நிரம்பாவிட்டால் முதலில் காய்வது அவர்கள் பயிர். வேண்டுமென்று ஒதுக்கவில்லை என்று பையன்கள் சொன்னார்கள். நினைப்பே வரவில்லையாம். எங்களிடமிருந்து அவர்கள் கற்றுக்கொண்ட பழக்கம் அது. எங்க அப்பா காலத்தில் அந்தப் பெரியவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், வயசில் சின்னவர்களும்கூட. என் தங்கை மகன் அவரைத் தாத்தா என்று கூப்பிட்டபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியவரை இருசக்கர வண்டியில் உட்கார வைத்துக்கொண்டு கண்மாயின் உள்வாயிலிருந்து மேற்கே வரத்துக்கால் வழியாகவே போனோம். வண்டி போகாத இடத்தில் நடந்தோம். ஒன்றரை கிலோமீட்டர். மூன்று இடங்களில் முள் நின்றது.

ஒன்று, கால்வாய்க்குள் நெய்வேலிக் காட்டாமணக்கும் சீமைக் கருவேலமும் சுவர் மாதிரி வளர்ந்திருந்தன. இரண்டு, ஒரு வயல்காரர் கால்வாயை நாலடியாகச் சுருக்கி வரப்பைத் தள்ளிப் போட்டிருந்தார். மூன்று, சில வருசத்துக்கு முன் ரோட்டை உயர்த்திப் போட்டபோது கால்வாய்க்கு ஒரு சிமெண்டுக் குழாய் வைத்திருந்தார்கள். அந்தக் குழாயின் அடிப்பக்கம் கால்வாய்த் தரையைவிட ஓரடி உயரம். ஓரடிக்குத் தண்ணீர் தேங்கினால்தான் குழாய்க்குள் நுழையும். சின்ன மழைத் தண்ணீர் அத்தனையும் அங்கேயே நின்று பக்கத்துப் பள்ளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

எட்டு நாள் பொக்லைன் ஓட்டியும் கண்ணில் படாதது ஒரு நாள் நடையில் தெரிந்துவிட்டது.

தோண்டும்போது செய்யும் தவறுகள்

தூர்வாருவதே தப்பு என்று சொல்லவில்லை. வரத்து சரியான பிறகு, வண்டல் ஏறிய இடத்தில் அளவாக எடுக்க வேண்டியதுதான். எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை இவை.

மடை மட்டத்தை முதலில் பாருங்கள். மடைவாசலின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. ஆடு மாடுக்கும், நிலத்தடி நீருக்கும், மீனுக்கும் உதவும். அதற்காக ஒரு பகுதியை ஆழமாக வைப்பது நல்லதே. ஆனால் பாசனத்துக்கு என்று சொல்லி நடுவில் மட்டும் குழி தோண்டினால், முதலில் வரும் தண்ணீர் அந்தக் குழியை நிரப்பவே செலவாகிவிடும். எங்க ஊரில் நடந்தது அதுதான்.

கரைக்குப் பக்கத்தில் தோண்டாதீர்கள். கரையின் அடிக்கால் பலம் இழந்தால் பெருமழையில் சரியும். கரையை விட்டு நன்றாகத் தள்ளித்தான் மண் எடுக்க வேண்டும். எவ்வளவு தள்ளி என்பதைப் பொறுப்பான துறையின் பொறியாளரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

களிமண் படுகையை உடைக்காதீர்கள். பல கண்மாய்களில் வண்டலுக்குக் கீழே களிமண் படுகை இருக்கும். அதுதான் தண்ணீரைத் தாங்கி நிற்கிறது. அதைத் தாண்டி மணல் வரை போய்விட்டால் கண்மாய் சல்லடை ஆகிவிடும். முதலில் நாலு இடத்தில் சின்னக் குழி வெட்டி, எத்தனை அடியில் மண் நிறம் மாறுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எடுத்த மண்ணை உள்ளேயே குவிக்காதீர்கள். அடுத்த மழையில் அது கரைந்து அதே பள்ளத்தை மூடும். கரை பலவீனமான இடத்துக்கோ வயலுக்கோ அன்றன்றைக்கே போய்விட வேண்டும்.

சீமைக் கருவேலத்தை வெட்டினால் போதாது. அடிக்கட்டையிலிருந்து மறுபடியும் கிளைத்து வரும். வேரோடு எடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் மாட்டுச் சாணத்தில் வந்த விதைகள் முளைத்துக்கொண்டே இருக்கும். வருசா வருசம் மழைக்குப் பின் ஈரம் இருக்கும்போதே நாற்றாகக் கையால் பிடுங்கிவிட வேண்டும். இன்னொன்றையும் யோசிக்கணும். சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் அந்த மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் பல ஏழைக் குடும்பங்கள் பிழைக்கின்றன. அழிக்கும் வேலையை அவர்களுக்கே கூலியோடு கொடுத்து, விறகையும் அவர்களே எடுத்துக்கொள்ளச் சொன்னால் ரெண்டு காரியமும் ஆகும்.

கடைமடையில் தொடங்கியவர்கள்

இந்த வேலையில் இளைஞர்கள் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குத் தஞ்சை மாவட்டம் பேராவூரணி ஒரு சாட்சி. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. தஞ்சை, புதுக்கோட்டை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் தென்னை மரங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. நெட்டைத் தென்னங்கன்று வைத்தால் காய்க்க ஆறேழு வருசம் ஆகும். அதுவரைக்கும் குடும்பம் என்ன சாப்பிடும்?

முதலில் அங்கிருந்த இளைஞர்கள் மற்ற எல்லாரையும் போல நிவாரணப் பொருள்தான் கொடுத்தார்கள். அரிசி, தார்ப்பாய், மெழுகுவர்த்தி. அதோடு நின்றிருந்தால் நாம் இன்று அவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். விவசாயம் மறுபடி எழுந்திருக்க என்ன வேண்டும் என்று கேட்டார்கள். தண்ணீர் என்று பதில் வந்தது. பேராவூரணிப் பகுதி கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தின் கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்தாலும் அங்கே வந்து சேருவது கடைசியில்தான், வந்தால் உண்டு. வரும்போது பிடித்து வைக்க ஏரி வேண்டும். 550 ஏக்கருக்கு மேல் பரப்புள்ள பேராவூரணிப் பெரிய குளம் தூர்ந்து கிடந்தது.

கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கம் என்று ஓர் அமைப்பைத் தொடங்கி, 2019இல் மக்களிடம் நன்கொடை சேர்த்து அந்தக் குளத்தில் இறங்கினார்கள். முன்னின்றவர்களில் ஒருவரான நிமல் ராகவன் துபாயில் மென்பொருள் வேலை பார்த்தவர். புயலுக்குப் பின் ஊரிலேயே தங்கிவிட்டார். ஒரு குளத்தோடு நிற்காமல் அடுத்தடுத்த ஊர்களுக்கும் பிற மாவட்டங்களுக்கும் போய் நூற்றுக்கும் மேற்பட்ட நீர்நிலைகளில் வேலை செய்திருக்கிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது இயந்திரங்களின் எண்ணிக்கையை இல்லை. பெயரைப் பாருங்கள்: விவசாயிகள் சங்கம். இளைஞர் மன்றம் என்றோ நற்பணி இயக்கம் என்றோ வைக்கவில்லை. தண்ணீர் யாருக்கு வேண்டுமோ அவர்களோடு சேர்ந்து நின்றார்கள். அதனால்தான் புயல் செய்தி ஓய்ந்த பிறகும் அந்த வேலை ஓயவில்லை.

இதைவிடப் பழைய கதை ஒன்று ராஜஸ்தானில் இருக்கிறது. 1985இல் ராஜேந்திர சிங் என்ற இருபத்தாறு வயது இளைஞர் நாலு நண்பர்களோடு ஆல்வார் மாவட்டத்துக் கிராமப் பகுதிக்குப் போய் இறங்கினார். ஆயுர்வேதம் படித்தவர். வைத்தியம் பார்க்கலாம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாம் என்பது திட்டம். ஊர்ப் பெரியவர் ஒருவர், எங்களுக்கு மருந்தும் படிப்பும் இப்போது அவசரமில்லை, தண்ணீர்தான் வேண்டும், மண்வெட்டியை எடு என்று சொல்லிவிட்டார். வந்தவர்களில் எல்லாரும் நிலைக்கவில்லை. ராஜேந்திர சிங் நின்றார். 'ஜோஹத்' என்று அங்கே சொல்லும் பழைய மண்கரைக் குளத்தைத் தூர்வாருவதில் தொடங்கினார்கள். ஊர்மக்களும் உழைப்பாகவோ பணமாகவோ தங்கள் பங்கைக் கொடுத்தால்தான் வேலை என்பது ஏற்பாடு.

பத்துப் பதினைந்து வருசத்தில் அந்தப் பகுதியில் நூற்றுக்கணக்கான குளங்களும் தடுப்புகளும் வந்தன. மழைக்காலம் தவிர வறண்டு கிடந்த அர்வரி ஆறு 1990களில் ஆண்டு முழுக்க ஓடத் தொடங்கியது. ஆற்றில் தண்ணீர் வந்ததும் மீன் வந்தது. மீன் வந்ததும் அதைக் குத்தகைக்கு விட அரசு வந்தது. மக்கள் எதிர்த்து நின்று குத்தகையை ரத்து செய்யவைத்தார்கள். பிறகு ஆற்றோரத்து எழுபது ஊர்கள் சேர்ந்து 'அர்வரி நாடாளுமன்றம்' என்று ஒரு சபை அமைத்து, அதிகத் தண்ணீர் கேட்கும் கரும்பு, நெல் போன்ற பயிர்களைத் தவிர்ப்பது என்று தங்களுக்குத் தாங்களே விதி வகுத்தார்கள். ராஜேந்திர சிங்குக்கு 2001இல் மகசேசே விருதும் 2015இல் ஸ்டாக்ஹோம் தண்ணீர் விருதும் கிடைத்தன.

இந்த இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றுதான். பிள்ளைகள் கையில் ஒரு திட்டத்தோடு வந்தார்கள். ஊர் வேறொன்று சொன்னது. கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு ஊர் சொன்னதைக் கேட்டார்கள். வேலை முடிந்த பிறகும் அங்கேயே இருந்தார்கள்.

அடைப்பை எடுப்பது எப்படி?

எங்க ஊர்க் கதைக்குத் திரும்புகிறேன். மூன்று முள்ளில் முதல் முள் சுலபம். இரண்டு தெருப் பையன்களும் சேர்ந்து பங்குனியில் ஞாயிறுதோறும் வேலை செய்தார்கள். காட்டாமணக்கும் கருவேலமும் போயின.

இரண்டாவதுதான் சிக்கல். வரப்பைத் தள்ளிப் போட்டவர் பையன்களில் ஒருவனுக்குச் சித்தப்பா. நேரே போய் மண்வெட்டியைப் போட்டிருந்தால் சண்டை. பையன்கள் முதலில் காகிதத்தைச் சேர்த்தார்கள். கிராம வரைபடம், புலப்படம், அ-பதிவேடு மூன்றையும் வாங்கினால் வாரிப் புறம்போக்கு எங்கே, எத்தனை அகலம் என்பது தெரிந்துவிடும். சர்வேயரை வைத்து அளந்தார்கள். பிறகு கிராம சபையில் வைத்தார்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை உண்டு. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம் என்பதால் அன்று இந்தப் பேச்சை எடுப்பது பொருத்தம். குறிப்பிட்ட சர்வே எண்ணில் உள்ள வரத்துக் கால்வாயை அளந்து மீட்க வேண்டும் என்று தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கி, நகலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சு ஆறு மாதத்தில் மறந்துபோகும்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. புறம்போக்கு ஆக்கிரமிப்புக்கு 1905ஆம் ஆண்டுச் சட்டம், நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ள ஏரிகளுக்கு 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். பொதுவாக நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திலும் இருக்கும். உங்கள் கண்மாய் யாருடையது என்று தெரியாமல் மனு எழுதினால் அது மேசைக்கு மேசை சுற்றும்.

ஆனால் சட்டத்தைக் கடைசியாக எடுங்கள். அந்தச் சித்தப்பாவிடம் பையன்கள் வரைபடத்தோடு போய் உட்கார்ந்து பேசினார்கள். "நானும் தண்ணிக்காரன்தானடா, எனக்கு மட்டும் ஆசையா?" என்றார். அந்த இடத்தில் மண் அரித்துக்கொண்டு போனதால்தான் வரப்பைத் தள்ளினாராம். சரி, நம் செலவில் அந்த ஓரத்துக்குக் கல் பதித்து வெட்டிவேர் நட்டுத் தருகிறோம் என்று பேசி முடிவானது. ஆக்கிரமிப்பு என்று நாம் சொல்வதற்குப் பின்னால் சில நேரம் ஒரு நியாயமான பயம் இருக்கும். அதைக் கேட்காமல் தீர்க்க முடியாது.

மூன்றாவது முள், அந்தக் குழாய், இன்னும் நிற்கிறது. மனு கொடுத்திருக்கிறோம். தீர்மான நகலும், மட்டம் வைத்து எடுத்த அளவும், மழை நாளில் எடுத்த படமும் சேர்த்திருக்கிறோம். இன்னும் வேலை நடக்கவில்லை. விடப்போவதும் இல்லை. அதுவரை குழாய்க்கு முன்னால் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரை உயர்த்திக் குழாய்க்குள் திருப்புகிறோம். மழை நாளில் ராத்திரி ஒருவர் போய்ப் பார்த்துக்கொள்ள முறை வைத்திருக்கிறோம்.

போன மழைக்குக் கண்மாய் முக்கால் நிரம்பியது. கலுங்கு தாண்டவில்லை. ஆனால் மடை திறந்தது. கடைமடைக்குத் தண்ணீர் போனது. அன்று மடையைத் திறந்தது அந்தப் பெரியவர்தான்.

வண்டல் மண் வயலுக்கு

கண்மாய் வண்டலை நம் முன்னோர் உரமாகவே பார்த்தார்கள். மேட்டு நிலத்திலிருந்து அரித்து வந்த மேல்மண், இலைதழை, ஆட்டுப் புழுக்கை, மாட்டுச் சாணம் எல்லாம் படிந்து மக்கியது அது. மணற்பாங்கான நிலத்தில் போட்டால் ஈரம் பிடிக்கும் தன்மை கூடும். செம்மண் மேட்டில் மானாவாரி செய்கிறவர்களுக்கு இது பெரிய வரம். ஏற்கெனவே இறுகிய களிமண் நிலமாக இருந்தால் மட்டும் யோசித்துப் போடுங்கள். அங்கே வடிகால்தான் கெடும்.

வண்டல் எடுக்க விவசாயிகளுக்குக் கட்டணம் இல்லை. 2017 அரசாணைப்படி நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புன்செய்க்கு 90 கனமீட்டர், மண்பாண்டத் தொழிலாளிக்கு 60 கனமீட்டர் என்று அளவு உண்டு. 2024 முதல் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று நடைமுறை எளிதானது. அனுமதி இல்லாமல் எடுத்தால், நல்ல வேலையே மண் கொள்ளை என்று வழக்காகிவிடும். வண்டலுக்கு என்று அனுமதி வாங்கி செங்கல் சூளைக்கும் மனைக்கும் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு நடையையும் நோட்டுப் போட்டு எழுதி, கரையில் எல்லார் பார்வையிலும் தொங்கவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சாயக்கழிவோ ஊர்ச் சாக்கடையோ கலக்கும் நீர்நிலையின் வண்டலை வயலில் போடாதீர்கள். நொய்யல் கரையில் சாயக்கழிவு நிலத்தையும் கிணற்றையும் என்ன செய்தது என்பது நம் கண்முன் நடந்த பாடம். சந்தேகம் இருந்தால் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு எடுங்கள்.

கண்மாய்க்குத் தண்ணீர் வந்தால் மட்டும் போதாது, வயலும் அதைத் தாங்க வேண்டும். முக்கால் கண்மாய்த் தண்ணீரை நம்பி நீண்ட நாள் நெல் போடக் கூடாது. பூங்கார், சித்திரைக்கார் மாதிரி வறட்சி தாங்கும் பாரம்பரிய ரகங்களைப் புழுதி விதைப்பாகப் போட்டவர்கள் எங்க ஊரில் குறைந்த தண்ணீரில் கரையேறினார்கள். பலதானியம் விதைத்து மடக்கி உழுத நிலத்தில் ரெண்டு பாய்ச்சலுக்கு நடுவே கூடுதலாக ரெண்டு மூணு நாள் ஈரம் நின்றதையும் பார்த்தோம்.

ஆண்டு முழுக்க உள்ள வேலை

அந்தக் காலத்துக் குடிமராமத்து என்றால் வேறொன்றும் இல்லை. குடிமக்களே ஆண்டுதோறும் செய்யும் சின்னச் சின்னப் பராமரிப்புதான். வெள்ளைக்காரன் 1858இல் அதைக் கட்டாய உழைப்பு என்று சட்டமாக்கினான். ஊர்ப் பழக்கம் மெல்ல மறைந்தது. 2017இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது. திட்டம் வரும், போகும். பழக்கம் ஊரில் இருந்தால்தான் கண்மாய் நிற்கும். எங்க ஊரில் இப்போது இப்படிப் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

மாசி, பங்குனி: வரத்துக்கால் முழுக்க நடை. எங்கே அடைப்பு என்று குறிப்பது. கிராம சபைக்குத் தீர்மானம் தயார் செய்வது.

சித்திரை, வைகாசி: கண்மாய் காய்ந்திருக்கும் காலம். அனுமதி வாங்கி வண்டல் எடுப்பது, கரையில் பள்ளம் விழுந்த இடத்தில் மண் போடுவது.

ஆனி, ஆடி: வரத்துக்கால் சுத்தம். மடைக் கதவுக்கு எண்ணெய், கலுங்கில் விரிசல் பூச்சு.

ஆவணி, புரட்டாசி: பனை விதை ஊன்றுவது. மழைக்கு முன் இன்னொரு நடை. நண்டு வளை, எலி வளை கரையில் இருந்தால் அடைப்பது.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி: மழைக் காவல். வாரம் ஒருமுறை தண்ணீர் மட்டத்தை அளவுகல்லில் பார்த்து எழுதுவது.

தை: அந்த வருசத்துக் கணக்கைப் பொதுவில் படிப்பது. வந்த பணம், போன பணம், மீன் ஏலத்தில் வந்தது எல்லாம்.

குழுவில் ஒவ்வொரு தெருவிலிருந்தும் ரெண்டு பேர், அதில் ஒருவர் பெண். கடைமடைக்காரர் கட்டாயம். ஆடு மாடு வைத்திருக்கும் நிலமில்லாதவர் ஒருவர். வெளியூரில் இருக்கும் பையன்கள் பணமும் காகித வேலையும் பார்த்துக்கொள்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள் மழைக்காவல். இப்படிப் பிரித்ததால் யாருக்கும் பாரமில்லை.

தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்

உங்கள் ஊரில் இதைத் தொடங்க நினைத்தால் பணம் சேர்ப்பதில் தொடங்காதீர்கள். முதலில் உங்கள் ஊரில் நீர்பாய்ச்சியாக இருந்தவர் யார் என்று கேளுங்கள். அவர் இல்லையென்றால் அவர் மகனையோ மகளையோ கேளுங்கள். கண்மாய்க்குள் ஆடு மேய்க்கிற அம்மாவைக் கேளுங்கள்; தண்ணீர் எந்தப் பக்கம் முதலில் வரும் என்று அவருக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு வரத்துக்காலில் நடங்கள். கையில் ஒரு நோட்டு, ஒரு அளவு நாடா போதும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் ஒருமுறை தோற்றால், "நாங்க அப்பவே நெனச்சோம்" என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லாதீர்கள். அப்பவே நினைத்திருந்தால் அப்பவே எழுந்து வந்திருக்க வேண்டும். எங்க ஊரில் அந்த முதல் வருசம் கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

அந்தக் குழாய்க்கு முன்னால் மணல் மூட்டை அடுக்கும் முறை, வரும் ஐப்பசியில் முதல் வாரம் எனக்கு.